வெண்கல டெனர்

வாத்தியத்தை வாங்க வந்த தங்கதுரை வந்ததும் ஊதிவிடவில்லை. டெனர் சாக்சபோனைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கிடத்திக்கொண்டு, துளைகளை மூடுகிற சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினான். டப், டப் என்று சத்தம் வந்தது. சந்தையில் தேங்காய் வாங்குகிறவன் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது, அடுப்படி வாசலில் நின்ற பகலவன் மனைவி அமிர்தத்துக்கு.

"வெண்கல பாடி. டெனர்ல இது சுலபமா கெடைக்காதுண்ணே," என்றான் பகலவனிடம். "இன்னாத்துக்கு விக்கிற?"

பகலவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் மடங்காமல் குச்சியாக நின்றது. மார்க்கெட் கமிட்டியில் மூட்டை ஏற்றும்போது லாரிக் கதவு விழுந்து நசுங்கியது.

"வெரலு இப்பதான் போச்சு. மூச்சு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"மூட்டை தூக்க மூச்சு கீது, ஊதறதுக்கு இல்லையா? நல்லா கதை உடறண்ணே!"

பகலவன் சிரித்தான். அமிர்தம் சிரிக்கவில்லை.

காலையில் சட்டை மாட்டும்போதே பகலவன் சொல்லியிருந்தான்: "வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி. ஊதிப் பாத்துட்டு நல்ல வாத்தியம்னு அவன் ஒரு வார்த்த சொல்லணும். அது போதும் எனக்கு." கருணாபுரத்திலிருந்து சங்கராபுரம் வரைக்கும் எந்த ஊர்வலம் போனாலும் முன்வரிசையில் நின்று ஊதியவன். இன்றைக்கு அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

தங்கதுரை சட்டைப்பையிலிருந்து தன் சொந்த நாணல் ரீடை எடுத்து, வாயில் போட்டு ஊறவைத்தான். பிறகு அதை ஊதுவாயில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு மேல் சுரத்திலிருந்து பிடித்தான். குரல் கட்டையான ஆம்பளை தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம் அந்தச் சின்ன வீட்டை நிறைத்தது. எதிர்வீட்டு இருசம்மாள் முறமும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"தேனுண்ணே!"

பகலவனின் முகம் விரிந்தது. "கீழ வா," என்றான். "கீழ வந்து பாரு."

தங்கதுரை கீழே இறங்கினான். நாலைந்து சுரம் நன்றாக வந்தது. அதற்கும் கீழே போனதும் சத்தம் உடைந்தது. தொண்டையில் தண்ணீர் சிக்கியவன் பேசுவதுபோல் கொளகொளத்து, எங்கேயோ மேலே ஏறிக் கீச்சிட்டது.

அந்தக் கீச்சு அமிர்தத்துக்குத் தெரியும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்துக் கல்யாணத்தில் கிளம்பியது அதுதான். பெண்ணழைப்பில் நூறு பேருக்கு முன்னால் பகலவனின் டெனர் இப்படித்தான் கீச்சிட்டது. பிள்ளைகள் எல்லாம் கூவிச் சிரித்தார்கள். மறுபடி ஊதினான், மறுபடியும் அதேதான். திரும்பி வருகிற வேனில் பேண்டு மாஸ்டர், "மூச்சு போச்சுப்பா உனக்கு," என்றார். வீட்டுக்கு வந்து ஊதிக் காட்டியபோதும் அதே கீச்சுதான். அமிர்தமும் மாஸ்டர் சொன்னதையே சொன்னாள். "குடி, இன்னும் நல்லா குடி. மூச்சு எங்கேந்து வரும்?" அந்த வருசம் அவர்கள் தெருவில் கள்ளச்சாராயம் குடித்துப் போன பிணங்களைப் பார்த்தவள் அவள். அதையே கையில் கிடைத்த கல்லாக எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

பகலவன் குடியை விட்டான். அப்படியும் கீழ்ச் சத்தம் வரவில்லை. பெட்டியை மூடிப் பரணில் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனான்.

தங்கதுரை போனில் விளக்கைப் போட்டு சாக்சபோனின் வாய்க்குள் இறக்கினான். சாவிகளை மூடிப் பிடித்துக்கொண்டு, "கதவச் சாத்துங்க அண்ணி," என்றான். அமிர்தம் சாத்தினாள். இருட்டில் மூடிகளின் ஓரத்தில் பிறை பிறையாக வெளிச்சம் கசிந்தது.

"பாத்தியாண்ணே? பொட்டு வெளிச்சம் வரக்கூடாது. காத்து பூரா இதுல ஓடுது. மூடிக்கு அடியில கீற பேடு தோலு அப்பளமாட்டம் காஞ்சி வளைஞ்சி கீது. தண்ணியில போட்டு எடுத்தியா?"

"நானா? ஈரக் கையோட தொட்டா எம் புள்ளையவே அடிப்பேன்!"

கதவைத் திறந்து வெளிச்சத்தில் வைத்து, ஒரு மூடிக்கு அடியிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தான் தங்கதுரை. முகர்ந்து பார்த்தான்.

"புளி நாரு."

பகலவன் திரும்பி அமிர்தத்தைப் பார்த்தான்.

மலைக் கல்யாணத்துக்கு முன் வந்த தைக்குப் பொங்கல் பானையோடும் குத்துவிளக்கோடும் சேர்த்துத்தான் அமிர்தம் சாக்சபோனையும் விளக்கினாள். கறுத்துக் கிடந்தது. மலைக் கல்யாணத்தில் தன் வீட்டுக்காரன் கையில் பளபளவென்று இருக்கட்டும் என்று புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வெயிலில் கவிழ்த்தாள். வெண்கலம்தானே, தண்ணீர் என்ன செய்யும்? அவன் வந்து பார்த்து, "தங்கமாட்டம் கீதுடி," என்று பூரித்துப் போனான். ஈரம் படக்கூடாது என்பான் என்று, துணியால் துடைத்ததாகச் சொன்னாள். சத்தம் வரவில்லை என்று அவன் வந்து நின்றபோது அவளுக்கு அந்த இரண்டு குடம் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. அதை மறைக்கத்தான் குடியைச் சொன்னாள்.

"நாந்தான்யா," என்றாள். "வௌக்கு வௌக்கறப்ப..."

பகலவன் சாக்சபோனை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"தங்கதுர, கீழ சாவிங்கள நீ அழுத்திப் புடி. பலமா. காத்து போகாம."

ஒருத்தன் ஊத, இன்னொருத்தன் நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தான். அடியிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. உடையவில்லை, கீச்சிடவில்லை. பரணில் கவிழ்த்திருந்த தட்டு அதிர்ந்தது. முடியும் முடியும் என்று பார்த்தால் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

"யப்பா," என்றான் தங்கதுரை. "யாரு சொன்னது உனக்கு மூச்சு போச்சுன்னு?"



பகலவன் எச்சிலைத் துடைத்துவிட்டு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்தான். "பேடு மாத்திட்டு ஊது. நல்ல வாத்தியம்."

"சத்தியமா நல்ல வாத்தியம்ணே."

கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. அவன் முகத்தில் அது எங்கேயும் தங்கவில்லை. தங்கதுரை பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டக்கூட பகலவனே உதவினான், மடங்காத விரலோடு.

மத்தியானம் குழம்புக்குப் புளியை ஊறப்போட அமிர்தத்துக்குக் கை வரவில்லை. தக்காளியை மட்டும் போட்டு இறக்கினாள். திட்டுவான், தட்டை வீசுவான் என்று காத்திருந்தாள். வீசினால் தேவலை என்றிருந்தது.

பகலவன் பிசைந்து இரண்டு வாய் தின்றான்.

"புளி கம்மி," என்றான்.