சம்பந்தி ஊர்ச் சமையல்

மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ஏற வேண்டிய எடை இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் குறைஞ்சா அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அவளுடைய அம்மா தவறிப்போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாயும் வயிறுமாக இருப்பவள் வேளாவேளைக்குத் தட்டைத் தள்ளி வைத்தால் எனக்கு எப்படி இருப்புக் கொள்ளும்?

என் சமையல்தான் அவளுக்கு இறங்கவில்லை என்று முடிவு கட்டினேன். சம்பந்தியம்மா அவர்கள் பக்கத்தில் பேர் போன சமையல்காரர். பெரிய வீடுகளில் அவர் கரண்டி பிடித்தால்தான் விருந்தே நடக்குமாம். அப்படிப்பட்டவர் கையால் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு என் குழம்பு பிடிக்குமா? ஆனால் அந்த ஊர்ச் சமையல் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. தைக்க வந்த ஜாக்கெட்டுகளை மெஷின் மேலேயே போட்டுவிட்டுப் புத்தகம் தேடிக் கிளம்பினேன்.

முதல் கடைக்காரன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்ச் சமையல் இல்லம்மா. சீக்கிரமா இளைக்கிறது எப்படின்னு ஒண்ணு இருக்கு, நல்லாப் போகுது" என்றான்.

"அதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்குப்பா. நீ சொல்லித் தர வேண்டாம்."

அடுத்த கடையில் கிடைத்தது தலையணை கனம், பக்கத்துக்குப் பக்கம் படம். உப்பு தேவையான அளவு, புளி தேவையான அளவு, காரம் தேவையான அளவு. அளவு தெரிந்தால் நான் ஏன் ஐயா புத்தகம் வாங்குகிறேன்? கடைசியில் பழைய புத்தகக் கடையில், குவியலுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினேன். அட்டை கிழிந்து, உள்ளே பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. யாரோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிஜமாகவே சமைத்திருக்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது.

தினமும் ஒன்று செய்தேன். அவள் இரண்டு வாய் எடுப்பாள், எழுந்து போய்விடுவாள். லாரியில் வெளியூர் போயிருந்த மகன் போனில், "அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்" என்றான். "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடா" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மசாலாவை வறுக்கத் தொடங்கியதுமே அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்! அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் தள்ளினேன்.

"ஏம்மா, நானும் மனுஷிதானே? உங்கம்மா கைப்பக்குவம் எனக்கு வராதுதான். அதுக்காக வாசனை வந்தாலே ஓடணுமா?"

"அம்மா கைப்பக்குவம் எப்படின்னே எனக்குத் தெரியாது அத்தை."

"என்னடி சொல்ற?"

"அந்த வீடுகள்ல மிச்சம் ஆனதைக்கூட வெளிய எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. எங்க வீட்டுல கஞ்சிதான். அம்மா வேலை முடிஞ்சு வந்து படுத்தா, புடவையில இந்த வாசனை அடிக்கும். அதை மோந்துக்கிட்டே தூங்கிடுவேன். நீங்க வறுத்தாலே அம்மா உள்ள வந்துட்ட மாதிரி இருக்கு. எப்படிச் சாப்பிடுவேன்?"

பாவிகள், ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினால் குடியா முழுகிப் போயிருக்கும்? அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

"போகட்டும் விடு. கஞ்சியே வெச்சுத் தரேன், அதையாவது குடி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"அங்க பண்றது யாருக்கு அத்தை?"

"யாருக்குன்னா? உனக்குத்தான். வேற யார் இருக்கா இங்க?"

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். இந்தத் தடவை அவள் கதவைச் சாத்தவில்லை. நான் அரைத்து, கொதிக்கவிட்டு இறக்கும் வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்டுக் கொடுத்தேன். முதல் வாயை வெகுநேரம் மென்றாள். பிறகு பிசைந்து பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

தட்டு காலியானதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா இவ்வளவு நல்லாவா சமைச்சாங்க?"