வலையில் ஏறாத விரால்

சித்திரை வெயிலில் கண்மாய் சேறாக வற்றியபோதுதான் சண்முகராஜ் அந்த விரால்களைக் கண்டார். ஒவ்வொன்றும் தொடைத்தண்டி இருந்தது.

கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு மீன் குத்தகையில் அதுதான் முதல் வருஷம். தூத்துக்குடியிலிருந்து வாங்கிவந்த நைலான் வலையில் சாண் நீளக் கெண்டையைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. பெரிய மீனெல்லாம் எங்கே போகிறது என்று குமைந்தார். வலையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, ஆளைத்தான் சந்தேகப்பட்டார். கரைக்காவல் செய்யது அலியை ஊர் கூட்டித் திருடன் என்றார்.

"அண்ணாச்சி, ஒத்தச் செதிலக்கூட நான் தொட்டதில்ல" என்றார் செய்யது அலி. மறுநாளே பெண்டாட்டி பிள்ளைகளோடு குளத்தூர் உப்பளத்துக்குப் போய்விட்டார்.

இப்போது சண்முகராஜ் சேற்றில் கிடந்த ஒரு விராலைத் தூக்கி, அதன் தலையை வலைக்கண்ணியில் வைத்து அழுத்தினார். மூக்குதான் நுழைந்தது. கெண்டை தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும் அளவுக் கண்ணி அது. விரால்கள் இத்தனை நாளும் அதில் முட்டிவிட்டுத் திரும்பியிருக்கின்றன.

கரையில் ஊரே கூடி நின்றது. அவர் மனைவி கல்யாணசுந்தரி எல்லார் காதிலும் விழக் கேட்டாள்:

"இந்தாங்க, அம்புட்டு மீனும் இங்கனதான் கெடக்கு. அப்போ செய்யது அலி அண்ணன் எதைக் களவாண்டாவ?"