கடைசி மூன்று நிமிடம்

ஆர்லிஸ் அடக்க ஆராதனைத் தாள்களை இரண்டாக மடித்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மற்றப் பெண்கள் பன்னுக்குள் ஹாம் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்தவர்களையெல்லாம் அவள் விரட்டிவிட்டாள். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

தாளின் முன்பக்கத்தில் அவள் கணவன் டெல்மர் சிரித்தான். பின்பக்கத்தில் அவன் வாழ்க்கை: அறுபத்தொரு வயது, பால்பண்ணை, ஒரு மகள், கல்லூரி ஃபுட்பால் அணியில் நான்கு வருடம், கடைசி ஆட்டத்தில் மூன்று நிமிடம் களத்தில்.

அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் ஊரில் இல்லை. டெல்மர் ஐந்தடி ஐந்தங்குலம். நனைந்த கோட்டோடு நிறுத்தினாலும் நூற்றைம்பது பவுண்டு தேற மாட்டான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துச் சாய்க்கும் அமெரிக்க ஃபுட்பால் அது; மலைமாதிரி பையன்களைத்தான் கல்லூரி தேடிப் பிடித்து, படிப்புச் செலவையும் கொடுத்து, அணியில் சேர்க்கும். இவனை யாரும் தேடவில்லை. தானே போய் மைதானத்து வாசலில் நின்று, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவன். நான்கு வருடம் பெஞ்சைத் தேய்த்த பிறகு கிடைத்தது அந்த மூன்று நிமிடம்.

டெல்மரின் அண்ணன் லைல் ஒரு தாளை எடுத்துப் படித்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"இதையும் போட்டாச்சா? முப்பத்தொம்பது வருஷமா கேக்குறேன் ஆர்லிஸ், அன்னிக்கு ஆடினவங்க பட்டியல்ல அவன் பேரே இல்லை. போதகர் வேற இதை மேல நின்னு வாசிக்கப்போறாரு."

தம்பி பாவம், அடக்கத்தன்றைக்குமா இது என்று அவளுக்குச் சுள்ளென்று வந்தது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள், ஒருநாள்கூட அவள் அதைச் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கென்று பார்த்துச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவன் இல்லை.

அப்போதுதான் வாசல்படியில் குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். டெரெல் கெய்ன்ஸ். வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவர், அந்த அணியில் டெல்மரோடு இருந்தவர். பழைய ஆட்கள் ஐந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, பனியில் ஆறு மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். ஆர்லிஸ் அவரைக் கோட்டு மாட்டும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவர் அன்னைக்கு ஆடினாரா?"

டெரெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இல்லை" என்றார். "என்னாலதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாதி ஆட்டத்தில் அவருடைய ஹெல்மெட்டின் வார் அறுந்துவிட்டது. "எனக்கு உடம்புதான் பெருசு, தலை சின்னது. டெல்மரோடதுதான் எனக்குச் சரியா இருக்கும்." அதை மாட்டிக்கொண்டு ஆடினார். ஜெயிப்பது உறுதியான பிறகு பெஞ்சுக்கு வந்தவர், ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைக் கையில் பிடித்தபடி வேலியோரம் தன் காதலியிடம் பேசப் போய்விட்டார். மூன்று நிமிடம் இருக்கும்போது கோச், டெல்மரின் குடும்பப் பெயரைச் சொல்லி, குபிசெக், இறங்கு என்று கத்தினார். ஹெல்மெட் இல்லாமல் இறங்க முடியாது. டெல்மர் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடினான். கோச் வேறொருவனை அனுப்பிவிட்டார்.

டெல்மரின் அப்பா மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே ஊருக்குத் திரும்பியிருந்தார். ராத்திரி போனில், இறக்கிவிட்டார்களா என்று அவர் கேட்டபோது டெரெல் பக்கத்தில்தான் நின்றார்.

"மூணு நிமிஷம்ப்பான்னு சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்த்தான். நான் என்னத்தைச் சொல்ல?"

ஆர்லிஸுக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவிடம் சொன்னான், சரி. என்னிடம் எதற்கு? செத்தவனைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப நாலு வருஷமா அங்க என்னதான் பண்ணினார்?"

"எங்ககிட்ட அடி வாங்கினான்" என்றார் டெரெல். ஒவ்வொரு வாரமும் எதிரணியின் பெரிய ஓட்டக்காரன் யாரோ, அவனுடைய எண் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பயிற்சியில் டெல்மர் ஓட வேண்டும். தடுப்பவர்கள் அவனை இடித்துச் சாய்த்துப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. "ஒவ்வொரு தடவையும் எழுந்து, மறுபடி வாங்கடான்னு சொல்லுவான். சனிக்கிழமை ஆட்டத்துல நிஜ ஆளை இடிக்கும்போது, அட, இவன் டெல்மர் அளவுக்குக்கூட வேகம் இல்லையேன்னு தோணும்."

மேலே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போதகர் வாழ்க்கைக் குறிப்பை எடுத்தபோது ஆர்லிஸ் எழுந்து போய் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதுல ஒண்ணு தப்பு" என்றாள். "டெல்மர் ஒரு நிமிஷம்கூட ஆடலை. லைல் சொன்னதுதான் சரி."

இரண்டாவது வரிசையில் லைல் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடமாக ஜெயிக்கப் பார்த்த வழக்கு. ஜெயித்த முகமாக அது இல்லை.

"நாலு வருஷம் தினமும் அவரை இடிச்சுக் கீழ தள்ளினவங்க வந்திருக்காங்க. கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

கடைசி வரிசையில் ஆறு பேர் எழுந்தார்கள். ஒருவர் ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு எழுந்தார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரிலிருந்த சிலுவைப்படம் மறைந்துவிட்டது. எல்லோரும் திரும்பி அந்த உருவங்களைப் பார்த்தார்கள், பிறகு முன்னாலிருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார்கள். ஆர்லிஸ் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியைத் தூக்க லைலும் பண்ணைக்காரர்கள் ஐந்து பேரும் என்று ஏற்பாடு. நேரம் வந்ததும் லைல் எழுந்தார், பெட்டிவரைக்கும் போனார், நின்றார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்துக் கையசைத்தார்.

"நீங்களே வாங்கப்பா" என்றார்.

ஆறு பேரும் கனமான சுமைக்குத் தயாராகக் குனிந்து தூக்கினார்கள். பெட்டி சட்டென்று நெஞ்சுக்கு மேலே போய்விட்டது.

"மெதுவா, மெதுவாடா" என்றார் டெரெல். "இன்னைக்கு யாரும் அவனை இடிக்கக் கூடாது."

இடுப்பு உயரத்துக்கு இறக்கிச் சமன் செய்துகொண்டு, உறைபனி படிந்த படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார்கள்.