மூணாம் நாள் பால்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் தொண்டை முன்னைப்போல இல்லை, உரக்கச் சொல்ல முடியாது. இன்றைக்கு ஒரே ஒரு சொல் செய்த வேலையைச் சொல்கிறேன். பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் நாமெல்லாம் நூறு தடவை சொல்கிற சொல்தான். 'சாமி.' கோயிலில் இருப்பதும் நமக்குச் சாமி, வழியில் எதிர்ப்படுகிற பெரியவரும் சாமி, மடியில் கிடக்கிற பிள்ளையும் சாமி. அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி ஏமாந்து போனாள். ஏமாந்தது சொன்னவளா, கேட்டவளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முப்பத்தஞ்சாம் வருஷம் வாக்கில் எருமப்பட்டியில் மார்த்தாள் என்று ஒருத்தி குடியிருந்தாள். வேதக்காரம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். பிறந்தபோது வைத்த பேர் அத்தாயி, சொந்த ஊர் நாமகிரிப்பேட்டை. பதினெட்டு வயதில் புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிஷன் பங்களாவில் துணி துவைக்கப் போனவள், அங்கேயே எழுத்துக்கூட்டக் கற்று, ஞானஸ்நானம் வாங்கி, மார்த்தாள் ஆகிவிட்டாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாக நடைதான். வெள்ளைச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் மூலை மடங்கிய வேதப்புத்தகம். கிழமைக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டு போவாள். பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடம் பார்த்துத் தானும் உட்கார்ந்து, ஏசுவின் கதையைச் சொல்லிவிட்டு வருவாள். இத்தனை வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் மனம் திரும்பியதில்லை. குதிங்கால் வெடித்து வெடித்துக் கட்டாந்தரையாகிவிட்டது. வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அவளை அடித்ததும் இல்லை, விரட்டியதும் இல்லை. தாகம் என்றால் எட்டி நின்று கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், சொம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். "ஏனுங்க வேதக்காரம்மா, ரெண்டு வருசமா எங்க சாமிக்குக் காது கேக்கறதில்லீங்க. உங்க சாமிகிட்ட ஒரு மழைக்குச் சொல்லி உடுங்களேன்" என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். மார்த்தாளும் சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து வருவாள்.

மிஷனில் 'ஆண்டவர்' என்றுதான் சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதல் வருஷமே ஒரு கிழவி, "ஆண்டவருன்னா பழனியாண்டவருங்களா? போன பங்குனிக்குத்தான் காவடி எடுத்துட்டு வந்தோம்" என்றாள். 'கர்த்தர்' என்று சொல்லிப் பார்த்தாள். அது யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் தானாகவே 'சாமி' என்று சொல்ல ஆரம்பித்தாள். சாமி வந்து பொறந்தாரு, சாமியைக் கொன்னுட்டாங்க, குகையில வச்சுக் கல்லால அடைச்சாங்க, மூணாம் நாளு விடியக்காலம் சாமி எந்திருச்சு வந்துட்டாரு. இப்படிச் சொன்னால் காதில் ஏறியது. அதற்குமேல் எங்கேயும் ஏறவில்லை, அது வேறு. சொல்லிச் சொல்லி, தாலாட்டுப்போல அது தன்பாட்டுக்கு வாயிலிருந்து வரப் பழகிவிட்டது. சொல்லும்போதே மனது வேறெங்கோ போய், ராத்திரிக் கஞ்சிக்கு உப்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காட்டுவளவுக்குப் போனாள். எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு கல் தூரம், பண்ணையத்து வேலைக்குப் போகிற ஜனங்கள், பதினாலு குடிசை. எப்போதும் மூன்று பேரோ நான்கு பேரோதான் கேட்க வருவார்கள். அன்றைக்குச் சென்றாயன் என்கிற பண்ணையாள் ஊட்டு வாசலில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரா! யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எந்த ஊரில்தான் அவளை வாங்க என்றார்கள்? ஓரமாக உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை, கேலி பண்ணவில்லை. சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இத்தனை வருஷத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் நம் வார்த்தைக்கு உயிர் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, சாமியைக் கொன்றதையும் மண்ணுக்குள் வைத்ததையும் சொன்னாள். மூணாம் நாளு எழுந்ததைச் சொல்லும்போது, சுவரோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி தலையைத் தூக்கினாள்.

"மூணாம் நாளுங்களா?"

"ஆமா அம்மிணி. மூணாம் நாளு, விடியக்காலம்."

"மெய்யாலுமாங்க? சாமி எந்திருச்சு வந்துருச்சுங்களா?"

"மெய்யாலும்தான்."

அந்தப் பெண் சென்றாயன் பெண்டாட்டி ராசாத்தி. அவ்வளவுதான் கேட்டாள், மறுபடி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மார்த்தாள் எழுந்து, "போயிட்டு வாரேனுங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவள் முகத்தைச் சுளித்தாள். அதையும் அவள் கவனிக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் கால் வலி தெரியவில்லை. ஒரு கேள்வி! இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தி வாய் திறந்து, மெய்யாலுமா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த செவ்வாய் வரைக்கும் பொறுக்க முடியுமா? மறுநாள் புதன்கிழமை, கிழக்கு வெளுக்கும்போதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வளவுக்கு வெளியே, கிணற்றுமேட்டில், ராசாத்தியின் மாமியார் காளியாத்தாள் எதிரே ஓடிவந்தாள். தலை முடியவில்லை, சேலை மண்ணாகிக் கிடந்தது.

"வந்துட்டீங்களா? உங்களைத் தேடித்தானுங்க வாரேன். அந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க நேத்து?"

"எந்தப் புள்ளைக்குங்க?"

"என்ற மருமவளுக்கு. திங்கக்கெழமை மத்தியானம் அவ பையன் போயிட்டான். நாலு வயசு. ரெண்டு நாளாக் காய்ச்சல், அப்பறம் ஒரே வலிப்பு. பொழுதோடவே கொண்டுபோயிப் பொதைச்சுட்டு வந்துட்டோம். நேத்து ஊரே எழவு கேக்க உக்காந்திருந்துச்சு. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்கன்னு ஆருமே வாயத் தொறக்கல."

நேற்றைய வாசல் மார்த்தாளின் கண் முன்னே வந்தது. வாங்க என்று சொல்லாத வாசல். எழவு வீட்டில் வாங்க என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். பல்லு முளைத்த நாளாகத் தெரிந்ததுதானே! அடுப்பு புகையாத வீடு. மூலைக்கு ஒருத்தியாகக் கண்ணைத் துடைத்த பெண்கள். ஒரு நல்ல கண் போதாதா இதைப் பார்க்க?

"அவனுக்கு முன்னால மூணு போச்சுங்க" என்றாள் காளியாத்தாள். "பேரு வெச்சா எமன் பேரு சொல்லிக் கூப்புட்டுக்குவான்னு பேரே வெக்கல. சாமி, சாமின்னுதான் ஊரே கூப்புடும். நேத்து நீங்க போனதுல இருந்து இவ சாமி எந்திருக்கும், சாமி எந்திருக்கும்ன்றா. இன்னைக்கு மூணாம் நாளு, பொதைச்ச எடத்துல பால் ஊத்தோணும். பால் சொம்பைப் புடுங்கிட்டு விடியறதுக்கு முன்ன போயி அங்க உக்காந்துட்டா. ஊத்த உட மாட்டேங்கறா. எந்திருச்சா பசிக்கும்ன்றா. மூணு நாளாப் பச்சைத்தண்ணி பல்லுல படல. அவ புருசன் கூப்புட்டுட்டான், நான் கால்ல உழுந்துட்டேன். ஏனுங்க, நீங்க சொன்னா கேப்பா. 'நேத்து நான் சொன்னது பொய்'யின்னு உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ எந்திருச்சு வந்து ரெண்டு வாய் திங்கட்டும்."

குடிசைகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், வேலமரத்துக்குக் கீழே இருந்தது அந்த மண்மேடு. முழம் இரண்டரைக்குமேல் இராது. நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ராசாத்தி அந்த முள்ளையெல்லாம் எடுத்து அக்கட்டால் தள்ளிப் போட்டிருந்தாள். எழுந்து வருகிறவனுக்குக் குத்தக்கூடாதல்லவா? கையெல்லாம் கீறல். பக்கத்தில் பால் சொம்பு, ஒரு சின்னப் பித்தளை டம்ளர், மடித்து வைத்த ஒரு சிவப்புத் துண்டு.

மார்த்தாள் நடந்து வருவதைப் பார்த்ததும் ராசாத்தியின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை மார்த்தாளால் பார்க்க முடியவில்லை.

"வாங்க வாங்க. உங்களைத்தான் நெனைச்சேன். பொழுது கெளம்பிருச்சுங்களே. மூணாம் நாளுன்னு சொன்னீங்களே, அது உசுரு போன நாளைச் சேத்தியா, உட்டுட்டா?"

வழி அங்கே தானாகத் திறந்தது கண்ணுகளா. உட்டுட்டு என்று சொன்னால் நாளைக்கு என்று ஆகும். நாளைக்கு என்றால் எழுந்து வீட்டுக்கு வருவாள், ஒரு வாய் கஞ்சி குடிப்பாள். மார்த்தாளின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. முழுங்கிவிட்டாள்.

"நான் சொன்ன சாமி வேற, அம்மிணி. உன்ற பையனைச் சொல்லல நானு."

ராசாத்தி விடவில்லை.

"அந்தச் சாமியும் ஒருத்தி பெத்ததுதானுங்களே?"

"ஆமா."

"அவளும் போயி உக்காந்திருந்தாளா, மண்ணுக்குள்ள வெச்ச எடத்துல?"

போன பெண்களின் பேரெல்லாம் மார்த்தாளுக்கு மனப்பாடம். விடியக்காலம் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு போனார்கள், கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போனார்கள். கையில் ஏதோ ஒன்றை ஏந்திக்கொண்டு மண்ணைப் பார்க்கப் போன பெண்கள் அவர்கள் என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. பெற்ற ஆத்தாள் பேர் மட்டும் அதில் இல்லை.

"பொம்பளைங்க போனாங்க அம்மிணி. விடியக்காலம் போனாங்க."

"அதான் நானும் வந்திருக்கறேன்" என்றாள் ராசாத்தி. "ஆரோ பெத்த சாமி எந்திருக்கறப்ப, என்ற சாமி எந்திரிக்கப் படாதுங்களா?"

தூரத்தில் காளியாத்தாள் வரப்பில் நின்று கையைக் காட்டிக் காட்டி, சொல்லுங்க, சொல்லுங்க என்று சைகை செய்தாள். பொய் என்று ஒரு சொல். மார்த்தாள் வாயைத் திறந்தாள். கடைசி நாளிலே எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று சொல்லத் தெரியும் அவளுக்கு. வசன எண்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கடைசி நாள் எப்போது என்று இவள் கேட்பாளே! இவள் நம்பியதுபோல, எழுந்தால் பசிக்குமே என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி, தான் என்றைக்காவது நம்பியதுண்டா? பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை, மெய் என்று சொல்லவும் தெம்பில்லை. கால் இரண்டும் கடுத்தன. அவள் பையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எடுத்துப் போட்டது போக மீந்திருந்த ஒரு முள்ளை எடுத்துத் தூர எறிந்தாள்.

பொழுது ஏறியது. வேலமர நிழல் சுருங்கிச் சுருங்கி இரண்டு பேர் காலடிக்கு வந்தது. காளியாத்தாள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். வெள்ளாடு ஒன்று எங்கேயோ கத்திக்கொண்டிருந்தது. அதன் பால்தான் சொம்பில்.

உச்சிப்பொழுது திரும்பின பிற்பாடு ராசாத்தி சொம்பின் துணியை விலக்கிப் பார்த்தாள். பால்மேல் ஆடை படிந்திருந்தது. முந்தானையால் டம்ளரைத் துடைத்து, பாலை ஊற்றினாள். மண்மேட்டைத் தாண்டிக் கையை நீட்டி மார்த்தாளின் இரண்டு கைக்குள்ளும் அதை வைத்தாள். எட்டி நின்று ஊற்றவில்லை, கையில் வைத்தாள்.

"குடிங்க. நீங்களும் விடியக்காலமே வந்தவங்க."

"இது உன்ற சாமிக்குன்னு வெச்சதாச்சே, கண்ணு."

"வெயிலுக்குத் திரிஞ்சு போயிருமுங்க. அவன் எந்திருச்சா வேற கறந்துக்கறேன்."

மார்த்தாள் டம்ளரை ஏந்திப் பிடித்தாள். சின்னப் பிள்ளை தரையில் தட்டித் தட்டி விளிம்பில் ஓரிடம் நெளிந்திருந்தது. அந்த இடத்தில் அவள் கட்டைவிரல் போய் நின்றது. பாலின் மேலே வேலம்பூ ஒன்று மஞ்சளாக உதிர்ந்து விழுந்து, நடுங்கி, அசையாமல் நின்றது. எதிரே ராசாத்தி, குடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், நல்லாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் ஊட்டு வாசலில் வருகிறவர்களை வாங்க என்று சொல்கிற நாளே என்றைக்கும் இருக்கட்டும். நீங்கள் காய்ச்சுகிற பாலை உங்கள் சாமிகள் ஆறுவதற்கு முன்னே குடித்துவிட்டு, பால்மீசையைத் துடைக்காமல் விளையாட ஓடட்டும்.