ஒத்திகைக்கு வந்த ஏழு பேர்

கிட்ட வந்து உட்காருங்க, செல்லங்களா. அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை, ஆனாலும் கேளுங்க.

ஒடெஸ்ஸா ப்ரூயிட் முப்பது வருஷம் ஆப்பரா இசைநாடக மேடைகளில் பாடியவள். பிறகு ஊர் திரும்பி, நகரசபைக்குச் சொந்தமான பழைய தீயணைப்பு நிலையத்தில் அறுபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கட்டடத்தை விற்பதா என்று வியாழன் காலை ஓட்டெடுப்பு. நகரசபை உறுப்பினர் ஏழு பேர் வீட்டுக் கதவையும் தட்டி, "புதன் சாயங்காலம் கச்சேரிக்கு வாங்க. கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று கெஞ்சியிருந்தாள்.

புதன் சாயங்காலம் அவளும் பிள்ளைகளும் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள். முன்வரிசையில் ஏழு நாற்காலியும் காலி.

பியானோ வாசிக்கும் வால்ட் கொசின்ஸ்கி விசாரித்துக்கொண்டு வந்தார். "மத்தியானம் ஒத்திகைக்கே வந்துட்டுப் போயிட்டாங்களாம். பின்வரிசை இருட்டுல இருந்திருக்காங்க."

ஒடெஸ்ஸா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கச்சேரி நாள் ஒத்திகையில் பாடகர் யாரும் முழுக் குரலை எடுக்க மாட்டார்கள். தொண்டையைச் சாயங்காலத்துக்குக் காப்பாற்ற, உச்ச சுரத்தைக் கீழே இறக்கி முணுமுணுப்பார்கள். பிள்ளைகளுக்கும் அவளே பழக்கியது அது. அந்த முணுமுணுப்பைத்தான் ஏழு பேரும் கேட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் சபையில் பேச அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஒத்திகை முணுமுணுப்புதான் என்று சொன்னாள்.

"அப்படின்னா சமையல்காரர் உப்பில்லாம ருசி காட்டின மாதிரியா, மேடம்?" என்றார் தலைவர் டர்னிங். சிலர் சிரித்தார்கள். "குரல் இருந்தா இப்பப் பாடுங்களேன்."

"வேண்டாம், ஒடெஸ்ஸா. நேத்துப் பாடின தொண்டை அது. காலைல ஒன்பது மணிக்கு எழும்பாது" என்று வால்ட் கையைப் பிடித்தார்.

"அறுபது பேர், வால்ட். விடு."

பாடினாள். முதல் நாலு அடி கணீரென்று வந்தது. டர்னிங்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். உச்சியில் குரல் பிசிறிக் கிழிந்தது. மறுபடி அதே இடத்தை எடுத்தாள், மறுபடி கிழிந்தது. மூன்றாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது. நேரம் முடிந்த மணி அடித்தது.

விற்கலாம் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று இரண்டு பேர்.

வெளியே படிக்கட்டில் வால்ட் சொன்னார்: "என் சமையலறையில பியானோ இருக்கு. நெருக்கி நின்னா நாலு பேர் பாடலாம்."

அவளுக்குக் குரல் எழும்பவில்லை. உதட்டசைவில்தான் கேட்டாள்: "மத்த அம்பத்தாறு பேர்?"

வால்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை அவர் வீட்டில் நாலு பிள்ளைகளோடு பாடம் ஆரம்பித்தது. வாசலில் இன்னும் பதினொரு பிள்ளைகள் நின்றார்கள்.

போய் வாங்க, செல்லங்களா. உங்கள் வீட்டில் பாட வாய் திறக்கும் பிள்ளைக்கு நிற்க ஓர் இடம் என்றைக்கும் இருக்கட்டும். வந்து நிற்கும் பிள்ளைக்கும் உங்கள் வீட்டில் இடம் பெருகட்டும்.