நொரீன் வீட்டு மேஜையில் பெய்த பனி

வெயில் நாற்பத்து மூன்று டிகிரியைத் தொட்ட செவ்வாய்க்கிழமை, நொரீன் ட்ரெலோரின் சமையலறை மேஜையில் பனி பெய்தது. மேஜையில் மட்டும்தான், நாற்காலிகள் நனையவில்லை. டலூரா என்ற அந்தச் சின்ன ஊரில் அன்று அதைவிடப் பெரிய செய்தி, பெட்ரோல் பங்க்கில் ஐஸ் தீர்ந்துபோனது. மேற்கு முகட்டில் காட்டுத்தீ நின்றுகொண்டிருந்தது. காற்று திரும்பினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது என ரேடியோ ஓயாமல் சொன்னது. ஆளாளுக்கு முக்கியமான சாமான்களைக் காரில் ஏற்றி, எது முக்கியம் என்று சண்டை போட்டு, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நொரீனின் புருஷன் டெஸ், ஊர்த் தீயணைப்பு லாரியில் சம்பளமில்லாமல் போகிறவன். முட்டிவலியால் தன் வீட்டுப் படி ஏற முனகுகிற ஆள், தீ என்றால் மட்டும் லாரியில் தாவி ஏறிவிடுவான். அவன் முகட்டுக்குப் போன நாளிலிருந்து நொரீனின் கைகள் நடுங்கத் தொடங்கின. தேநீர்க் கோப்பைகள் உடைந்தன. கைக்கு ஏதாவது வேலை கொடு என்றாள் கிளினிக் நர்ஸ். அதனால் சர்ச்சின் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஜிக்சா வாங்கி வந்தாள்: அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் படமாக்க வேண்டும். சுவிட்சர்லாந்துப் பனிமலை, அடியில் ஏரி. வானத்தின் மூலையை முடித்தபோது அட்டையிலிருந்து சில்லென்று காற்று வந்தது. சிகரத்தை முடித்தபோது பனி கொட்டியது. நொரீன் மேஜைவிரிப்பை மடித்து வைத்துவிட்டு அடுத்த துண்டைத் தேடினாள். கை நடுக்கம் நின்றிருந்தது. மற்றதெல்லாம் அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

மின்கம்பிகள் எரிந்து கரண்ட் போனதும் தெருவுக்கே நொரீன் மேல் பாசம் பொங்கியது. எதிர்வீட்டு க்ளெனிஸ், எத்தனையோ மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், நலம் விசாரிக்க வந்தாள். கையோடு இரண்டு கிலோ ஆட்டுக்கறியும் வந்தது. வெண்ணெய், பால், ஒருவருடைய இன்சுலின் எல்லாம் ஆல்ப்ஸ் சரிவில் வரிசையாக அடுக்கப்பட்டன. வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்தவர் ஜிக்சாவைக் கண்டால் ஒரு துண்டாவது வைக்காமல் நகர்கிற ஆள் டலூராவில் இன்னும் பிறக்கவில்லை. இப்படி ஆளுக்கொன்றாக வைத்து வியாழக்கிழமை படம் முடிந்தது, ஏரியின் நடுவில் ஒரே ஒரு துண்டு தவிர.

யாரும் மேஜைக்கடியில் குனிந்து தேடவில்லை. முந்தைய நாள் டெஸ் குளித்துச் சாப்பிட ஒரு நடை வந்து போயிருந்தான். கடைசித் துண்டைத் தானே வைக்கவேண்டும் என்பதற்காக ஒன்றைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்வது கல்யாணமான நாள்தொட்டு அவன் வழக்கம்.

"ஊரே எரியுது, இப்பவும் அந்த மனுசனுக்குத் திருட்டுப் புத்தி பாரு," என்றாள் க்ளெனிஸ்.

துண்டு இல்லாத அந்த ஓட்டை வழியாக முதலில் மெல்லிசாகப் புகை வந்தது, பிறகு சத்தம். டெஸ்ஸின் சட்டைப்பைக்குக் கேட்பதெல்லாம் நொரீனின் மேஜைக்கும் கேட்டது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"என்னடி கேக்குது?"

"பாடுறான். கண்றாவியா பாடுறான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்."

வெள்ளிக்கிழமை மதியம் காற்று திரும்பியது. ஊர்ப்பக்கம் அல்ல, முகடு நெடுக, லாரி நின்ற பாதையை நோக்கி. பத்திரமாக வெளியே வந்துவிட்டதாக ரேடியோ மற்ற லாரிகளின் பெயரையெல்லாம் சொன்னது, டலூரா லாரியைச் சொல்லவில்லை. ஓட்டையில் பாட்டு நின்றது. லாரிக்குள் யாரோ "தீப்போர்வைய மேல இழுங்கடா, கண்ணாடிகிட்ட போகாதீங்க" என்று கத்தினார்கள். அப்புறம் ரயில் வருவது போல ஓர் இரைச்சல், ஓட்டையின் விளிம்பு சிவந்தது, மேஜை வார்னிஷ் கொப்பளித்தது. உள்ளேயிருந்து தெறித்த ஒரு பொறி ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டது. க்ளெனிஸ் திரையைப் பிய்த்துத் தரையில் போட்டு மிதித்தாள், கேக் சுடும் தகரத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"தள்ளு, அதை மூடுறேன்! வீடு பத்திக்கப் போகுது!"

"பத்தட்டும். அவன் அந்தப் பக்கம் இருக்கான்."

"நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்டி!"

"அப்ப வெளிய போ. கறியையும் எடுத்துட்டுப் போ."

இதைச் சொல்லிக்கொண்டே நொரீன் கேக் எடுக்கிற தட்டைக் கரண்டியால் சிகரத்திலிருந்து பனியை வழித்து ஓட்டைக்குள் தள்ளினாள். உஸ்ஸென்று ஆவி வந்தது. மறுபடி வழித்தாள். க்ளெனிஸ் வாசல்வரை போய், வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பிவந்து, அந்தத் தகரத்தட்டையே முறமாக்கிப் பனியை அள்ளினாள். இடது சரிவை இவள் காலி செய்தாள், வலது சரிவை அவள். வெண்ணெய் உருண்டு தரையில் விழுந்தது, எடுக்க ஆளில்லை. பாறைகள் தெரிந்தன. படத்து வீடுகளின் கூரைகள் பழுப்பாக வெளிவந்தன. வழிக்கப் பனி இல்லாமல் போனபோது நொரீன் ஏரி ஓரத்தில் மிஞ்சியிருந்ததை விரல் நகத்தால் சுரண்டினாள். பிறகு அதுவும் இல்லை. சிவப்பு அடங்கி ஓட்டை கறுப்பாகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. நொரீன் காதை வைக்கக் குனியவில்லை, கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கைகள் மறுபடி நடுங்கின. க்ளெனிஸ்தான் அவள் சார்பில் குனிந்தாள்.

"எவன்டா என் சட்டைக்குள்ள ஐஸ் போட்டது?" என்றது ஓட்டை.

லாரி பெயிண்ட் உரிந்து, கண்ணாடி வெடித்துச் சாயங்காலம் ஊருக்குள் வந்தது. உள்ளே நாலு பேரும் இடுப்புவரை நனைந்து, பற்கள் அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார்கள். லாரிக் கேப்டனுக்கு ஜலதோஷம் பிடித்தது. டெஸ் முட்டிவலி பற்றி முனகியபடி இறங்கினான். நொரீன் அவனைக் கட்டிப்பிடித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் அவன் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

படத்தில் இப்போது புல்வெளி. இரண்டு மாடுகள் மேய்கின்றன. தீ கோடை முடிகிற பிப்ரவரிவரை எரிந்து, மழையில் அணைந்தது. அதன்பின் பழைய சாமான் கடையில் பனிப்படங்கள் இரண்டு டாலரிலிருந்து எட்டு டாலராயின. கடற்கரைப் படங்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சைரன் ஊதினால் லாரியில் ஏறுகிறவர்கள் வரிசையாக நிற்க, கேப்டன் தொட்டுப் பார்க்கிறார்: ஹெல்மெட், கையுறை, சட்டைப்பையில் வீட்டுப் பனிப்படத்தின் ஜிக்சா துண்டு. துண்டு இல்லாதவன் வீட்டுக்குப் போய் எடுத்துவர வேண்டும். அவர்கள் போனதும் வீட்டிலுள்ளவர்கள் கெட்டிலை அடுப்பில் வைத்து, கரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பனிப்படத்தின் முன் உட்காருகிறார்கள்.