குடிப்பதெல்லாம் சாப்பாடா?

மேல்வீட்டு லோகநாயகியின் மருமகள் அகல்யா, மாமியார் கஞ்சியில் திருட்டுத்தனமாக நெய் ஊற்றுகிறாள் என்ற செய்தி, ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே பகலில் பரவியது. பரப்பியது லோகநாயகியேதான். நானும் கொஞ்சம் கை கொடுத்தேன்.

விஷயம் இதுதான். லோகநாயகிக்கு வலது முட்டி தேய்ந்துவிட்டது. பூந்தமல்லியில் டாக்டர் சிவராமன், உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து லோகநாயகி சோற்றைத் துறந்தாள். சும்மா துறக்கவில்லை, ஊர் பார்க்கத் துறந்தாள். வளைகாப்பு வீட்டில் இலை போட்டதும் எழுந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டு, சாப்பிடுகிறவர்களை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு இரண்டாவது வடை இறங்கவில்லை.

அப்படியும் உடம்பு குறையவில்லை. புடவைக் கொசுவம்தான் குறைந்துகொண்டே வந்தது. சோறு தின்னாதவள் எப்படிப் பெருப்பாள்? யாரோ செய்கிற வேலை என்று முடிவு கட்டினாள். வீட்டில் சமைப்பது அகல்யா ஒருத்திதான்.

"எனுக்கு காலு நேரா ஆயிட்டா அவளுக்கு ஆவாது சுதா. நான் ஒரே எடத்துல குந்திக்கினே கெடக்கணும். அதான் நெய்ய ஊத்தி ஊத்தி கலக்குறா," என்றாள் என்னிடம். என் வீட்டு ரோஸ் மில்க்கைக் குடித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தால் பெண்கள் பேச்சு சட்டென்று நிற்பதை வைத்தே அகல்யா புரிந்துகொண்டாள். ஐ.டி. வேலையை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே நடுவில் எழுந்து கஞ்சி வைக்கிற பெண் அவள். அதன் பிறகு மாமியாரை அடுப்படிக்குக் கூப்பிட்டு எதிரிலேயே கஞ்சி வைத்தாள்.

"நீங்களே பாத்துக்குங்க அத்தே."

அதற்கும் லோகநாயகியிடம் பதில் இருந்தது. "மொதல்லயே மாவுல கலந்து வெச்சிருப்பா."

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். துணைக்கு. யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டர் எடையைப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார். "குறையலியேம்மா. கூடியிருக்கு. இப்படி இருந்தா ஆபரேஷன் பண்ண முடியாது."

"என்ன ஏன் கேக்குறீங்க? தோ நிக்கிறாளே, இவளக் கேளுங்க டாக்டர். கஞ்சில நெய்ய ஊத்துறா!"

அகல்யா தரையைப் பார்த்தாள். பக்கத்தில் ஊசி போட மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி அகல்யாவைப் பார்த்தாள்.

"அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு என்னென்ன உள்ள போகுதுன்னு நீங்களே சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"சோத்தத் தொட்றதே இல்ல. காலீல கஞ்சி, ராத்திரி கஞ்சி. அவ்ளோதான் சாப்பாடு."

"நடுவுல?"

"நடுவுல இன்னா, எழுந்ததும் காபி. அப்பால இன்னொரு காபி. வெயிலு ஏறுனா மார்க்கெட்டாண்ட கரும்பு ஜூஸு. மத்தியானம் பசிக்கும்ல, அதுக்கு மாம்பழ ஜூஸு, பெரிய பாட்டிலு. சாயங்காலம் இந்த சுதா ஊட்ல ரோஸ் மில்க்கு, ராஜகுமாரி ஊட்ல பாதாம் பாலு. படுக்கசொல்லோ சக்கர போட்டு ஒரு சொம்பு பாலு. பல்லுல ஒண்ணு படல டாக்டர்!"

பெருமையாகத்தான் சொன்னாள். எங்கள் வெள்ளிக்கிழமை விரதம் அப்படி. மென்று தின்றால்தான் விரதம் கெடும். காபி, பால், பழரசம் எவ்வளவு உள்ளே போனாலும் விரதம் விரதம்தான். அம்மனே பெரிதாக எடுத்துக்கொள்ளாததை ஒரு எடை மெஷின் எடுத்துக்கொள்ளும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க விட்ட சோத்தைவிட அதிகமா குடிச்சிட்டு இருக்கீங்கம்மா. எல்லாம் சர்க்கரை. வயிறும் நிறையாது, உடம்பு மட்டும் ஏறும். நெய்யி இல்ல, ஒண்ணும் இல்ல. இத்தனையில நீங்க ஒழுங்கா சாப்பிட்டது உங்க மருமக வெச்ச கஞ்சி ஒண்ணுதான்."

லோகநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை இல்லை, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

அகல்யா குத்திக் காட்டியிருந்தால் லோகநாயகி பதிலுக்கு நாலு சொல்லித் தப்பித்திருப்பாள். அகல்யாவோ வெளியே வந்ததும் வழக்கம்போல் கீழே உட்கார்ந்து, மடங்காத காலில் செருப்பை மாட்டிவிட்டாள். லோகநாயகி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முட்டி விடவில்லை.

ஆட்டோவில் நான் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

வீடு வந்ததும் லோகநாயகி தன் வீட்டுக்குப் போகவில்லை. முதல் மாடியில் ராஜகுமாரி வீட்டு வாசலில் நின்றாள்.

"வா லோகா, குந்து. பாதாம் பாலு கலக்கறேன்."

"வேணாம்." நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கஞ்சில நெய்யி ஒண்ணும் இல்லடி. நான்தான் கண்டதையும் குடிச்சிக்கினு, இது மேல பழி போட்டேன்."

"சரி, அதுக்கின்னா இப்போ?" என்ற ராஜகுமாரியின் கண் என்னவோ, சொல்ல வைத்ததே அவள்தான் என்பதுபோல் அகல்யா மேல்தான் இருந்தது.

லோகநாயகி மறுபடி படியில் காலை வைத்தாள். அகல்யாவுக்குப் பொறுக்கவில்லை. "போதும் அத்தே. வலிக்கப் போகுது, வீட்டுக்கு வாங்க."

"யார் யார் ஊட்ல சொன்னேன்னு எனுக்குத்தான தெரியும்? கையப் புடி."

அகல்யா பிடித்தாள். அடுத்த மாடியில் பொன்னியம்மா வீடு. கதவு சாத்தியிருந்தது. மணியை அடிக்க லோகநாயகியின் விரல் எழவில்லை. மாமியாரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அகல்யாவே அடித்தாள்.